வீட்டு ஆடியோ செட்டும் கரண்டும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஆம்ப்ளிஃபையர்களைச் சரிசெய்வது எனக்குப் பொழுதுபோக்கு. "ஒரு பக்கம் பாடல", "உர்ர்னு ஹம் வருது" என்று செட்டைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள், டீ குடித்து முடிப்பதற்குள் கரண்ட் பில்லுக்கு வந்துவிடுவார்கள். கொஞ்ச நாளாக அதோடு புகை, மாசு, குப்பை பற்றிய கேள்விகளும் சேர்ந்துகொண்டன. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லிச் சலித்துப்போய் இதை எழுதி வைத்தேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

சார், பாட்டு கேட்கிறதுல அப்படி என்ன கரண்ட் ஆகிடப் போகுது?

கேட்கிற நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். சாதாரண ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் பாடும்போது 40, 50 வாட் இழுக்கும். தினம் 3 மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 7 முதல் 9 யூனிட். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். அது ராத்திரி முழுக்கச் சுற்றுகிறது, அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை.

புகைக் கணக்கும் இதிலிருந்தே வரும். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. இது மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, வடசென்னை, தூத்துக்குடி அனல் நிலையங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். 9 யூனிட்டுக்கு 6 கிலோ சொச்சம் வரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வருகிறது. ஆக, இரண்டு மாதப் பாட்டு மூன்று லிட்டர் பெட்ரோலுக்குள் முடிந்துவிடுகிறது. வம்பெல்லாம் நாம் பாட்டு கேட்காத நேரத்தில்தான் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் ஹோம் தியேட்டர் டப்பாவுல 5000 வாட்ஸ்னு போட்டிருக்கே, அவ்வளவா இழுக்கும்?

இழுத்தால் வீட்டு ஃபியூஸ் போய்விடும். அது பி.எம்.பி.ஓ. கணக்கு. கண் இமைக்கும் நேரத்தில் உச்சமாக வரக்கூடியது என்று கற்பனை செய்த வாட்டை, எல்லா ஸ்பீக்கருக்கும் கூட்டி, டப்பாவில் இடம் இருக்கும்வரை பூஜ்யம் போட்டது. இதற்கென்று ஒரே ஓர் அளவுமுறை கிடையாது. ஆளுக்கு ஒரு கணக்கு. தொடர்ந்து தரக்கூடிய வாட்டைச் சொல்வது ஆர்.எம்.எஸ். எண். 5,000 போட்ட செட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 100 வாட் தாங்கினாலே அதிகம்.

செட்டின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். அங்கே மின்செலவு என்று போட்டிருப்பது ஓரளவு நேர்மையான எண். ஆனால் அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: வெளிநாட்டு கம்பெனி செட்டுகளில் அந்த அளவைப் பெரும்பாலும் முழுத் திறனில் எட்டில் ஒரு பங்கில் ஓடவிட்டு எடுப்பார்கள். வீட்டில் நாம் வைக்கும் சத்தம் அதைவிடவும் மிகக் குறைவு. அதனால் தகட்டு எண்ணை வைத்து பில் கணக்குப் போட்டாலும் அதிகமாகத்தான் வரும்.

அப்போ சத்தத்தைக் குறைச்சு வச்சா பில் குறையுமா?

அனேகமாகக் குறையாது. பலரும் நம்ப மறுக்கிற இடம் இது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வீட்டு ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் சுமார் 88 டெசிபல் வரும். அது காதுக்குப் பக்கத்தில் மிக்ஸி ஓடுகிற சத்தம். ஹாலில் உட்கார்ந்து நிம்மதியாகக் கேட்பது 70, 75 டெசிபல். அதற்குப் பத்தில் ஒரு வாட் போதும். 10 டெசிபல் ஏற்ற வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும் என்பது கணக்கு. அப்படி ஏற்றினால் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். கல்யாண வீடு மாதிரி அலறவிட்டால் ஒழிய ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரம் ஒன்றிரண்டு வாட்டைத் தாண்டுவதில்லை.

இரண்டு மாதம், தினம் 3 மணி நேரம், அரை வாட் வீதம் என்றால் மொத்தம் 0.09 யூனிட். நீங்கள் கேட்ட இசைக்கு ஆன செலவு அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரருக்காகச் சத்தத்தைக் குறையுங்கள், பில்லுக்காக வேண்டாம்.

ஸ்பீக்கருக்கு அரை வாட்தான்னா, ஆம்ப் எதுக்கு 40 வாட் இழுக்குது? மீதி எங்க போகுது?

சூடாகப் போகிறது. ஆம்ப்ளிஃபையரில் உள்ள டிரான்சிஸ்டர்கள் பாட்டு வருவதற்கு முன்பே கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டு தயாராக நிற்க வேண்டும். இல்லையென்றால் மெல்லிய ஒலிகள் கரகரக்கும். ஆட்டோ ஸ்டாண்டில் சவாரிக்காக இன்ஜினை ஆஃப் செய்யாமல் நிற்கிற வண்டி மாதிரி. எவ்வளவு உறுமிக்கொண்டு நிற்கிறது என்பதை வைத்துத்தான் கிளாஸ் ஏ, ஏபி, டி என்று பிரிக்கிறார்கள்.

கிளாஸ் ஏ என்றால் முழு வேகத்தில் உறுமிக்கொண்டே நிற்கும். பாடினாலும் பாடாவிட்டாலும் ஒரே செலவு. ஒரு பக்கம் 25 வாட் தரும் சின்ன ஸ்டீரியோ கிளாஸ் ஏ 150 முதல் 200 வாட் வரை ஓயாமல் எரிக்கும். இதில் ஒரு வேடிக்கை: சத்தம் அதிகமாக வைத்தால் அதன் ஹீட்சிங்க், அதாவது சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடு, கொஞ்சம் சூடு குறையும், ஏனென்றால் கொஞ்சம் மின்சாரமாவது ஸ்பீக்கர் பக்கம் போகிறது. கிளாஸ் பி சவாரி வந்தால்தான் இன்ஜினை ஆன் செய்யும். அதன் திறன், அதாவது இழுத்த மின்சாரத்தில் ஸ்பீக்கருக்குப் போகும் பங்கு, ஏட்டுக்கணக்கில் 78.5 சதவீதம் வரை போகும், அதுவும் முழுச் சத்தத்தில் மட்டும். இரண்டுக்கும் நடுவே சமரசமாக வந்தது ஏபி. நம் வீடுகளில் இருக்கும் பெரும்பாலான செட்டுகள், டி.டி.ஏ. 2030 ஐசி போட்ட சின்ன போர்டிலிருந்து 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட அசெம்பிள் செட் வரை, எல்லாம் ஏபிதான். சும்மா நிற்கும்போது சின்ன போர்டு சில வாட், பெரிய ரிசீவர் (ரேடியோ, டிவி இணைப்பெல்லாம் சேர்ந்த ஆம்ப்) 50, 60 வாட் என்று எரிக்கும்.

கிளாஸ் டி வேறு சாதி. டிரான்சிஸ்டரை ஒரு நொடிக்கு லட்சக்கணக்கான தடவை முழுதாகத் திறந்து, முழுதாக மூடி வேலை வாங்கும். பாதி திறந்த நிலையில்தான் சூடு அதிகம். அந்த நிலையே இதில் ஏறக்குறைய இல்லை. முழுச் சத்தத்தில் திறன் 90 சதவீதத்தைத் தொடும், சும்மா இருக்கும்போது 5, 10 வாட்டோடு நிற்கும். "டி" என்றால் டிஜிட்டல் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ஏ, பி, சிக்குப் பிறகு வந்த எழுத்து, அவ்வளவுதான்.

வால்வு செட் வாங்க ஆசை. எவ்வளவு இழுக்கும்?

ஆசையைக் கெடுக்க விரும்பவில்லை, கணக்கை மட்டும் சொல்கிறேன். வால்வுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்கிறதே, அந்த இழையைச் சூடாக்கவே தனிச் செலவு. இ.எல்.34 வால்வின் இழைக்கு 6.3 வோல்ட், 1.5 ஆம்பியர்: 9 வாட்டுக்கு மேல். நான்கு வால்வு இருந்தால் பாட்டே போடாமல் 38 வாட் விளக்கு எரிகிறது. மற்றதையும் சேர்த்தால் இப்படிப்பட்ட ஸ்டீரியோ செட் 150 வாட்டுக்குக் கீழே இறங்குவது அரிது. தேய்மானமும் உண்டு, சில ஆயிரம் மணி நேரத்தில் வால்வு மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் போடுவதாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். காலையில் காபி போடும்போது ஆன் செய்து இரவு சாப்பிட்ட பிறகு ஆஃப் செய்கிற ஆள் என்றால் வேண்டாம்.

ரிமோட்ல ஆஃப் பண்ணிட்டுத்தானே தூங்கப் போறேன், அது போதாதா?

ரிமோட்டில் அமுக்கினால் செட் கண்ணை மூடுகிறது, தூங்குவதில்லை. அடுத்த தடவை ரிமோட் அமுக்கும்போது எழுந்திருக்க ஒரு பகுதி விழித்தே இருக்க வேண்டும். அந்தச் சிவப்பு லைட் அதன் அடையாளம். லைட் இழுப்பது சொற்பம். அதன் பின்னால் இருக்கும் பவர் சப்ளைதான் ஆள்.

வீட்டு மின்கருவிகள் எல்லாம் இப்படி விழித்துக் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை நிலையில் 1 வாட்டுக்குள் இருக்க வேண்டும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999-இல் முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதைச் சட்டமாக்கியது: 2010 முதல் சாதாரண ஸ்டாண்ட்பைக்கு 1 வாட், 2013 முதல் அரை வாட். அங்கே விற்கிற மாடலைத்தான் பெரிய கம்பெனிகள் இங்கும் விற்கின்றன என்பதால் நமக்கும் அதில் பாதி புண்ணியம். ஆனால் வைஃபையில் காத்திருக்கும் கருவிகளுக்கு வரம்பு தளர்வு. உள்ளூர் அசெம்பிள் செட்டுகளுக்கோ இந்தக் கணக்கே கிடையாது.

என் வீட்டுக் கதை ஒன்று. ஹாலில் இருந்த ரிசீவரை ஒரு நாள் வாட் மீட்டரில் போட்டுப் பார்த்தேன். ஆஃப் செய்த நிலையில் 32 வாட்! ரிசீவர் ஆஃபில் இருந்தாலும் டிவிக்குப் படம் போகட்டும் என்று மெனுவில் எப்போதோ நானே ஓர் அமைப்பைப் போட்டு வைத்திருந்தேன். மூன்று வருஷம். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற ஆள் நான். அந்த ஒரு அமைப்பை எடுத்ததும் 0.4 வாட்டுக்கு இறங்கியது. 32 வாட் என்பது இரண்டு மாதத்துக்கு 46 யூனிட். நான் கேட்ட பாட்டுக்கு அதில் கால்வாசி கூட ஆகியிருக்காது.

சப்-வூஃபர் தானா ஆஃப் ஆகிடுமே, அதையும் கணக்குல சேர்க்கணுமா?

பழைய சப்-வூஃபரின் (தடதடக்கும் அடி ஒலிக்கான தனிப் பெட்டி) ஆம்ப் "ஆட்டோ"வில் காத்திருக்கும்போதே 10 வாட் வரை இழுக்கும். இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். புதியவை பரவாயில்லை. பின்பக்கம் தொட்டுப் பாருங்கள். காலையில் வெதுவெதுப்பாக இருந்தால் இரவு முழுக்க விழித்திருந்தது என்று அர்த்தம்.

என் பழைய செட்ல ரிமோட்டே இல்ல, முன்னாடி சுவிட்ச்தான். ஆஃப் பண்ணினாலும் டிரான்ஸ்ஃபார்மர் சூடா இருக்கே?

சுவிட்ச் டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 230 வோல்ட் வயரை முன்பக்கம் வரை இழுக்கவேண்டாம் என்று, 12 வோல்ட் பக்கத்தை மட்டும் துண்டிக்கிற மாதிரி சில கம்பெனிகள் செய்தன. பல டூ-இன்-ஒன், மல்டிமீடியா ஸ்பீக்கர்கள் இந்த ரகம். டிரான்ஸ்ஃபார்மரில் கரண்ட் நுழையும் முதல் கம்பிச் சுற்று எப்போதும் கரண்டில் இருக்கும், 3 முதல் 10 வாட் வரை சும்மா சூடாகும். சுவரில் உள்ள சுவிட்சை அணைப்பதுதான் வழி. நம் ஊரில் பிளக் பாயின்ட் ஒவ்வொன்றுக்கும் சுவிட்ச் இருப்பது எவ்வளவு வசதி என்று வெளிநாடு போய் வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

என் செட் எவ்வளவு இழுக்குதுன்னு நானே கண்டுபிடிக்க முடியுமா?

பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்க மனமில்லை என்றால் ஈ.பி. மீட்டரே போதும். புது மீட்டரில் ஒரு சிவப்பு எல்.இ.டி. சிமிட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் 3200 அல்லது 1600 என்று ஓர் எண் இருக்கும்; ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது அது.

வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜையும் மறக்காமல், செட்டை மட்டும் விட்டுவிட்டு இரண்டு சிமிட்டலுக்கு நடுவே எத்தனை நொடி என்று பாருங்கள். 3200 மீட்டர் என்றால் 1,125-ஐ அந்த நொடியால் வகுத்தால் வாட் வந்துவிடும். 1600 என்றால் 2,250-ஐ வகுக்கவும். 20 நொடிக்கு ஒரு சிமிட்டல், 3200 மீட்டர்: 56 வாட். ஸ்டாண்ட்பை அளக்கும்போது சிமிட்டல்கள் நிமிடக் கணக்கில் தள்ளிப்போகும், பொறுமை வேண்டும். பாட்டு போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை, ஆஃப் செய்து ஒரு தடவை என்று மூன்றும் எடுங்கள். முதல் இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைப் பார்த்தால் சத்தம் பற்றி மேலே சொன்னதை நம்புவீர்கள்.

அடிக்கடி ஆன் ஆஃப் பண்ணினா செட் சீக்கிரம் போயிடும்னு மெக்கானிக் சொன்னாரே?

அதில் அரைக்கால் உண்மை இருக்கிறது. ஆன் செய்யும் நொடியில், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் நிரம்ப ஒரு திடீர் இழுப்பு வரும். சுவிட்சின் முனை கருகுவது அதனால்தான். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு தடவை என்பதெல்லாம் அடிக்கடி கிடையாது.

செட்டை உண்மையில் கொல்வது சூடு. எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குப் பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி. 85 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று அச்சிட்ட கெப்பாசிட்டர், 55 டிகிரியில் 16,000 மணி நேரம் தாங்கும். எப்போதும் ஆனில் இருந்தால் அந்த 16,000 மணி நேரமும் இரண்டு வருஷத்துக்குள் ஓடிவிடும். தினம் 3 மணி நேரம் என்றால் பதினான்கு வருஷம் வரும். அலமாரிக்குள் அடைத்து, மேலே டாய்லி விரித்து, அதன் மேல் செட்-டாப் பாக்ஸ் வைப்பது ஆன் ஆஃபைவிடக் கொடுமை.

சூடேறி இருந்தாத்தான் சவுண்ட் நல்லா வரும், அதனால எப்பவும் ஆன்லயே வைக்கணும்னு சொல்றாங்களே?

கிளாஸ் ஏ, வால்வு செட்டுகளில் சூடேறும்வரை சின்ன மாற்றம் இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு அரை மணி நேரம் தாராளம். சாப்பிட உட்காரும்போது ஆன் செய்தால் கை கழுவி வரும்போது தயாராக இருக்கும். 24 மணி நேரமும் ஆனில் வைத்தால் 200 வாட் கிளாஸ் ஏ வருஷத்துக்கு 1,752 யூனிட் எரிக்கும். 1,200 கிலோவுக்கு மேல் கரியமில வாயு. தினம் 3 மணி நேரம் மட்டும் போட்டால் 219 யூனிட். நடுவில் இருக்கிற 1,500 சொச்சம் யூனிட்டை யார் காதும் கேட்கவில்லை.

ஏ.சி. ரூம்ல வச்சுக் கேட்கிறேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. செட் இழுக்கும் வாட் அத்தனையும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் முடிகிறது. ஸ்பீக்கருக்குப் போனதிலும் ஒலியாக மாறுவது அரை சதவீதம் கூட இல்லை. 200 வாட் சூட்டை வெளியே தள்ள ஏ.சி. இன்னும் 60, 70 வாட் எரிக்கும். பனி கொட்டுகிற நார்வேயில் அதே கிளாஸ் ஏ அறையைச் சூடாக்கி உதவும். சித்திரை மாதச் சென்னையில் ஒரே சூட்டுக்கு இரண்டு தடவை காசு கட்டுகிறோம்.

அப்போ பழைய ஏபி செட்டைத் தூக்கிப் போட்டுட்டு கிளாஸ் டி வாங்கிடலாமா?

பொறுங்கள். சும்மா நிற்கும்போது 40 வாட் இழுக்கும் ஏபி, தினம் 3 மணி நேரத்துக்கு வருஷத்தில் 44 யூனிட். 10 வாட் கிளாஸ் டி 11 யூனிட். மிச்சம் 33 யூனிட், 23 கிலோ கரியமில வாயு. இதற்காக நன்றாக இருக்கும் செட்டைக் குப்பையாக்குவதா?

புதுச் செட் ஒன்றும் காற்றில் இருந்து வருவதில்லை. அலுமினியத் தாதிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் எடுக்கவே சுமார் 14 யூனிட் வேண்டும். பெட்டியும் ஹீட்சிங்கும் சேர்ந்து மூன்று கிலோ என்றால் 42 யூனிட், நீங்கள் ஒரு வருஷத்தில் மிச்சம் பிடிப்பதைவிட அதிகம். தாமிரம், ஐசி, ஸ்பீக்கர் காந்தத்துக்கான நியோடிமியம், கப்பல் கட்டணம் எல்லாம் தனி. 200 வாட் கிளாஸ் ஏயை நாள் முழுக்க ஓட்டுகிறவர் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. மற்றவர்கள் சுவர் சுவிட்சை அணைக்கப் பழகினால் போதும்.

பழைய ஏபி செட்டுக்கு நான்கு பெரிய கெப்பாசிட்டர், ஒரு வால்யூம் கன்ட்ரோல், ஒரு ரிலே மாற்றினால் இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் ஓடும். சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு எல்லாம் கிடைக்கும். டூப்ளிகேட் எஸ்.டி.கே. ஐசி (பழைய செட்டுகளில் ஆம்ப் வேலை பார்க்கும் சில்லு) மட்டும் கவனம். அதில் நான் ஏமாந்தது ஒரு தடவை இல்லை. செட் உண்மையிலேயே செத்துப்போய், ஸ்பீக்கரும் பெட்டியும் நன்றாக இருந்தால், உள்ளே மட்டும் கிளாஸ் டி போர்டு போடுவது எனக்குப் பிடித்த வழி. பெட்டி, டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் எதுவும் வீணாகாது. போர்டின் வோல்ட்டேஜ் வரம்பைப் பார்த்துப் போடுங்கள்.

ஸ்பீக்கர் மாத்தினா கரண்ட் மிச்சமாகுமா?

நேரடியாக ஆகாது. 88 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 94 டெசிபல் வைத்தால் நான்கில் ஒரு பங்கு வாட் போதும், உண்மைதான். ஆனால் மிச்சமாவது அந்த அரை வாட்டில்தானே! சின்ன ஆம்பே போதும் என்று ஆகிறதே, அதுதான் லாபம். கோயில் கொடையில் மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் குறைந்த வாட்டில் ஊரையே எழுப்புவதும் இப்படித்தான். கூம்பு இருந்தால் மின்சாரத்தில் ஒலியாக மாறும் பங்கு பல மடங்கு கூடும். சாவி கொடுத்த கிராமபோன் கரண்டே இல்லாமல் ஒரு கூடம் நிறையப் பாடியது கூம்பின் தயவில்தான்.

ப்ளூடூத் ஸ்பீக்கர்தானே எல்லாத்தையும்விடப் பசுமையானது?

கரண்டைப் பொறுத்தவரை ஆமாம். 10 வாட்-மணி பேட்டரியை நூறு தடவை நிரப்பினால்தான் ஒரு யூனிட். ஆனால் அந்த பேட்டரி மூன்று நான்கு வருஷத்தில் தளர்ந்துவிடும். பெட்டி ஒட்டப்பட்டிருக்கும், திறக்க முடியாது, எடுத்து எறிவார்கள். உள்ளே ஸ்பீக்கரும் ஆம்பும் நன்றாகவே இருக்கும். என் மேஜைக்கு வருகிற "செத்த" ப்ளூடூத் ஸ்பீக்கர்களில் பாதிக்கு மேல் பேட்டரியைத் தவிர வேறு குறையே இல்லை. ஸ்க்ரூ போட்டுத் திறக்கக்கூடியது, பேட்டரி தனியாகக் கிடைப்பது என்று பார்த்து வாங்குங்கள். எப்போதும் "சொல்லுங்க" என்று காத்திருக்கும் ஸ்மார்ட் ஸ்பீக்கர் 2 வாட் இழுக்கும். வருஷத்துக்கு 17 யூனிட்.

ரெக்கார்டு, சிடி எல்லாம் பிளாஸ்டிக். ஆன்லைன்ல கேட்டா மாசே இல்லையே?

2019-இல் கிளாஸ்கோ, ஓஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்க இசைச் சந்தையை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். இசைக்காக ஆன பிளாஸ்டிக் 1977-இல் 58,000 டன், சிடி உச்சத்தில் இருந்த 2000-இல் 61,000 டன், 2016-இல் வெறும் 8,000 டன். இதைக் கேட்டு மகிழ்வதற்குள் அடுத்த வரி: இசையால் வெளியான பசுமைக்குடில் வாயுக்கள் 1977-இல் 1.4 லட்சம் டன். 2016-இல் 2 லட்சத்திலிருந்து 3.5 லட்சம் டன். பிளாஸ்டிக் குறைந்தது, சர்வர்களும் கேபிள்களும் எரிக்கிற மின்சாரம் ஏறியது. ஒரு பாட்டுக்கு எவ்வளவு என்று பார்த்தால் அற்பம்தான். நாம் கேட்கும் பாட்டின் எண்ணிக்கை அப்படிக் கூடிவிட்டது.

நம் வீட்டளவில் பார்த்தால் எனக்கு உறுத்துவது வேறு. பாட்டு கேட்க 43 அங்குல டிவியில் வீடியோவை ஓடவிட்டு, ஆளே இல்லாத ஹாலில் திரை ஆடிக்கொண்டிருக்கும். அந்த டிவி மட்டும் 60, 80 வாட். போனிலிருந்து ஆம்புக்கு ஒரு வயர் போட்டுத் திரையை அணைத்தால் பாதிக்கு மேல் மிச்சம். திரும்பத் திரும்பக் கேட்கும் பாட்டை இறக்கி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் எங்கோ ஒரு சர்வரை எழுப்ப வேண்டாம். அலமாரியில் ஏற்கெனவே இருக்கிற சிடிக்குப் புதிதாகப் பாவம் எதுவும் சேராது, போட்டுக் கேளுங்கள்.

மாடியில சோலார் போட்டாச்சு. நான் எதுக்குக் கவலைப்படணும்?

பாட்டு எப்போது கேட்கிறீர்கள்? பெரும்பாலும் இருட்டிய பிறகு. பகலில் நீங்கள் கொடுத்த யூனிட்டை இரவில் எடுப்பதாக பில் சொல்லும். அந்த நேரத்தில் கம்பியில் வருவது அனல், அணு, நீர் மின்சாரம். வைகாசியிலிருந்து ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று அடிக்கும் மாதங்களில் இரவிலும் காற்றாலை கொஞ்சம் கை கொடுக்கும். ஞாயிறு மதியம் கேட்டால் சுத்தமான சூரியப் பாட்டு. கிளாஸ் ஏ வைத்திருப்பவருக்கு இதைச் சொன்னேன், மதியத் தூக்கத்தை விட முடியாது என்றுவிட்டார்.

கரண்ட் போனா இன்வெர்ட்டர்ல செட்டை ஓட்டலாமா?

ஓட்டலாம், ஆனால் அந்த மின்சாரம் விலை கூடியது. பேட்டரியில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் நான்கில் ஒரு பங்காவது சூடாகிவிடும். மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் போட்ட செட் "உர்ர்" என்று முனகும், சூடும் கூடும். சைன் வேவ் என்றால் பிரச்சினை இல்லை. கரண்ட் போன நேரத்துக்குத்தான் அந்த ப்ளூடூத் ஸ்பீக்கர் பிறந்திருக்கிறது.

இதெல்லாம் சும்மா சில்லறைக் கணக்கு. 100 யூனிட் இலவசம் இருக்கே?

இலவசம் உங்கள் பைக்குத்தான், வடசென்னை அனல் நிலையப் புகைபோக்கிக்கு இலவசம், காசு என்ற வித்தியாசம் தெரியாது. பைக்குமே முழு இலவசம் இல்லை: தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறுவதை பில் பார்த்தவர்கள் அறிவார்கள். 490-இல் நிற்கும் வீட்டை என் ரிசீவர் மாதிரி ஒன்று அலுங்காமல் அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

ஆனாலும் கேட்டவர் சொல்வதில் பாதி சரி. ஏ.சி.யை ஒரு மணி நேரம் முன்னதாக அணைத்தால் ஒரு வாரப் பாட்டுக்கு ஆகும் கரண்ட் மிச்சம். பாட்டுக்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம் என்றுதான் நானும் சொல்கிறேன்.

கெட்டுப்போன செட்டைக் காயலாங்கடையில போட்டா அவங்க பார்த்துக்க மாட்டாங்களா?

பார்த்துக்கொள்வார்கள், எப்படி என்பதுதான் பிரச்சினை. தாமிரத்துக்காக வயரைக் கொளுத்துவார்கள்; வயரின் பி.வி.சி. உறை எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும். பழைய போர்டுகளின் ஈயப்பற்றில் நாற்பது சதவீதம் வரை ஈயம். ஐ.நா. கணக்குப்படி 2022-இல் உலகம் முழுக்கச் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனதாகப் பதிவானது 22.3 சதவீதம்.

2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளில் ஆம்ப்ளிஃபையர், ரேடியோ, ஒலிப்பதிவுக் கருவிகள் எல்லாம் அடங்கும். தயாரித்தவருக்கும் பொறுப்பு உண்டு. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். அதற்கு முன் ஒரு வார்த்தை: ரிப்பேர் பழகும் பையன் யாராவது தெருவில் இருந்தால் முதலில் அவனிடம் காட்டுங்கள். டிரான்ஸ்ஃபார்மர், ஹீட்சிங்க், ஸ்பீக்கர், பெட்டி நான்கும் அவனுக்குப் பொக்கிஷம். நான் தொடங்கியதும் அப்படிக் கிடைத்த ஒரு செட்டில்தான்.

ஃபிரிட்ஜ்ல ஸ்டார் இருக்கு, ஆம்ப்ல இல்லையே. வாங்கும்போது எதைப் பார்க்கிறது?

மூன்று எண்: ஆர்.எம்.எஸ். வாட், ஸ்டாண்ட்பை வாட், சும்மா இருக்கும்போதைய வாட். மூன்றாவதைப் பெரும்பாலும் எழுத மாட்டார்கள். கடையில் அரை மணி நேரம் ஆனில் இருந்த செட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் பதில் கிடைத்துவிட்டது. சுவர் சுவிட்சில் அணைத்துப் போட்டால் வால்யூமும் இன்புட்டும் நினைவில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் மறுபடி அமைக்க வேண்டியிருந்தால் இரண்டே நாளில் அணைப்பதை விட்டுவிடுவீர்கள்.

எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போட்டு ஒரே சுவிட்ச்ல அணைச்சா சரியா?

ஸ்பீக்கரில் "டம்" என்று சத்தம் வராத செட்டாக இருந்தால் சரி. வந்தால் வரிசை முக்கியம்: ஆன் செய்யும்போது ஆம்ப் கடைசியில், ஆஃப் செய்யும்போது ஆம்ப் முதலில். முன்னால் இருக்கும் சிடி பிளேயரோ மிக்ஸரோ அணையும்போது வரும் உதையை ஆம்ப் பெரிதாக்கித் தள்ளினால் ட்வீட்டர், அதாவது கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர், போய்விடும். தனித்தனி சுவிட்ச் உள்ள பாக்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். செட்-டாப் பாக்ஸ், வைஃபை ரௌட்டர் இரண்டையும் அதில் சேர்க்காதீர்கள். ஒரு தடவை ரௌட்டரையும் சேர்த்து அணைத்துவிட்டேன். மறுநாள் காலை பையனின் ஆன்லைன் வகுப்பு போயிற்று, அன்றிலிருந்து அந்த சுவிட்சைத் தொட எனக்கு வீட்டில் அனுமதி இல்லை.